உவர்நீரும் உலுப்பையும்: வையம்பட்டி வழியே ஒரு சோற்று வரலாறு

கையில் காசில்லாமல் வழி நடப்பவன் எங்கே தங்குவான், யார் வீட்டில் என்ன உண்பான் என்பதைத் தமிழிலக்கியம் அக்கறையோடு குறித்து வைத்திருக்கிறது. ஆற்றுப்படை என்பது வள்ளலின் புகழ் பாடும் நூல் என்றுதான் நாமெல்லாம் வகுப்பறையில் படித்தோம். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், இன்னும் பெறாதவனைக் கண்டு, 'இன்னாரிடம் போ, இன்ன வழியாகப் போ' என்று ஆற்றுப்படுத்துவது அதன் இலக்கணம். அந்தப் புகழுரைகளைச் சற்றே ஒதுக்கிவிட்டு, வழியில் கிடைக்கும் உணவு பற்றிய அடிகளை மட்டும் ஒருமுறை தொடர்ந்து படித்துப் பாருங்கள். ஏழைப் பயணிக்கான கையேடு ஒன்று உள்ளே ஒளிந்திருப்பது தெரியும்!

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். காஞ்சியில் இருக்கும் தொண்டைமான் இளந்திரையனை நோக்கிச் செல்லும் பாணனுக்கு, முல்லை நிலத்து ஆயர் குடியிருப்பில் தினைச்சோறும் பாலும் கிடைக்கும். அடுத்துள்ள சீறூரில் வரகுச் சோறும் அவரைப் புழுக்கும். மருதத்துக்கு வந்தால் வெண்ணெல் சோறும் வீட்டில் வளர்த்த கோழியின் வறுவலும். அந்தணர் மனையில் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் மாவடுவும். நிலம் மாறமாற இலையில் விழுவது மாறுகிறது. பாணன் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்ந்தெடுக்க அவனிடம் பொருளில்லை. அதனாலேயே ஒவ்வொரு நிலமும் தன்னிடம் உள்ளதை அவனுக்கு ஒளிக்காமல் காட்டிவிடுகிறது.

அந்த வரிசையில் எங்களைப் பெரிதும் ஈர்த்தது எயிற்றியரின் சமையல். வறண்ட காட்டில் கரம்பைக் கிளறிப் புல்லரிசி சேர்த்து, நில உரலில் குற்றி, ஆழக் கிணற்றில் ஊறும் உவர்நீரை முகந்து, வாயுடைந்த பானையை முரிந்த அடுப்பில் ஏற்றிச் சமைத்து, உப்புக்கண்டத்தோடு தருகிறார்கள். பானை உடைந்தது, அடுப்பு உடைந்தது, தண்ணீரும் உப்பு. ஆனாலும் விருந்து நடக்கிறது. இந்த உவர்நீரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மணப்பாறையில் அதை மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

பாணன் போன வழி வடக்கே. நாம் பேச வந்த வழி தெற்கே: திருவரங்கத்திலிருந்து திருச்சி, மணப்பாறை, வையம்பட்டி, திண்டுக்கல். இந்தத் திசையில் நடந்தவர்களில் இலக்கியம் அறிந்த மூத்தவர்கள் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும். காவிரி நடுவிலிருந்த அரங்கத்தையும் உறையூரையும் கடந்து மதுரைக்குப் போகும் அவர்களுக்கு, மாங்காட்டு மறையோன் ஒருவன் காடுகாண் காதையில் வழி சொல்கிறான். கொடும்பை நெடுங்குளத்தருகே பாதை மூன்றாகப் பிரிகிறது. சிவன் கையிலுள்ள சூலத்தின் மூன்று கூர்களைப் போல. அந்தக் கொடும்பை இன்றைய கொடும்பாளூர்ப் பகுதி என்பது பொதுவான கருத்து. இடப்பக்க வழி திருமாலிருஞ்சோலையைத் தொட்டுச் செல்வது. வலப்பக்க வழியில் போனால், வெந்து கிடக்கும் கடத்தைத் தாண்டி, பாண்டியனின் சிறுமலை வருமாம். அங்கே மலைநெல்லும் கரும்பும் தினையும் வரகும் உள்ளியும் மஞ்சளும் கவலைக்கிழங்கும் வாழையும் கமுகும் தெங்கும் மாவும் பலாவும் சூழ்ந்திருக்கும் என்று அடுக்குகிறான் மறையோன். 'அம்மலையை வலப்புறம் வைத்துப் போங்கள்' என்பது அவனுடைய குறிப்பு.

வையம்பட்டி வழியாகச் செல்லும் இன்றைய சாலைதான் இளங்கோவடிகள் சொன்ன வலப்பக்க வழி என்று அடித்துச் சொல்ல நாம் முன்வரவில்லை. கொடும்பாளூர் இதற்குக் கிழக்கே, விராலிமலை வழிச் சாலையில் இருக்கிறது. ஆனால் வறண்ட சமவெளியில் நடந்து களைத்தவன் கண்ணுக்குத் தெற்கே நீலமாகத் தெரியத் தொடங்கும் மலை அதே சிறுமலைதான். அந்தப் பட்டியலில் வாழையைச் சேர்த்த கவிஞர் வீணாகச் சேர்க்கவில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. சிறுமலை வாழைப்பழம் 2008ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. 1970களில் முடிக்கொத்து நோய் வந்து தோட்டங்களையே அழித்தபோதும், அந்தச் சிறிய, தோல் தடித்த, வாசனை மிக்க பழம் முற்றாக மறையவில்லை.

சிலம்பில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. மதுரைப் புறஞ்சேரியில் இடைக்குலத்து மாதரி, கண்ணகிக்குச் சமைத்த சோற்றைக் கொடுக்கவில்லை. கோவலன் சாவக நோன்பி; ஆகவே அரிசியும் காயும் கனியும் தன் வீட்டுப் பால்படு பொருள்களுமாகச் சமைக்காத பண்டங்களைக் கொடுத்துப் புதுக்கலங்களும் தருகிறாள். உண்பவனின் நோன்பு அறிந்து ஊட்டுவது என்பது இதுதான். இவ்வாறு விருந்தினருக்குச் சமைக்காத பொருளாக வழங்குவதை 'உலுப்பை' என்று பிற்காலத்தில் வழங்கினர். இச்சொல்லை இன்று பேச்சில் கேட்பது அரிது.

சிலம்பின் காலத்தை விட்டு நாயக்கர் காலத்துக்குத் தாவுவோம். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் சாலைகளும் அறச்சாலைகளும் மடங்களும் இல்லாமலில்லை. ஆயினும் தெற்கத்திப் பெருவழிகளில் நடந்தவர்களின் நாவில் நின்ற பெயர் ராணி மங்கம்மாள்தான். 1689 முதல் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை, திருச்சியைத் தலைநகராகக் கொண்டு, சிறுவனான பேரனுக்காக ஆட்சி நடத்திய அவருடைய பெயரில் சாலைகளும் சத்திரங்களும் இன்றும் வழங்குகின்றன. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள மங்கம்மாள் சத்திரத்தை அறியாத பயணி இல்லை. திருச்சிவாசிகளோ நாள்தோறும் 'சத்திரம்' என்று சொல்லித்தான் பேருந்து ஏறுகிறார்கள். திருவரங்கம் செல்லும் நகரப் பேருந்துகள் நிற்கும் அந்தப் பேருந்து நிலையத்தின் பெயரில் மட்டும் ஒரு பழைய சோற்றுச் சாலை மிஞ்சியிருக்கிறது.

சத்திரம் என்றால் உண்மையில் என்ன? இதற்கு மிகத் தெளிவான விடை தஞ்சையிலிருந்து கிடைக்கிறது. 1799இல் தஞ்சை ஆட்சி கம்பெனியின் கைக்குப் போனபின், 1801இல் மன்னர் இரண்டாம் சரபோஜி கம்பெனியின் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இராமேசுவரச் சாலையிலுள்ள சத்திரங்களை எப்படியேனும் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்போடு எழுதப்பட்ட கடிதம் அது. அந்தணர் முதல் ஒடுக்கப்பட்டோர் ஈறாக எல்லா வழிப்போக்கருக்கும் சோறு. சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசியும் மளிகையும். நோயுற்றவர்களுக்கு மருந்தும் பத்தியமும். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் யாரேனும் இருந்தால் வருமாறு அறிவிப்பு என்று அதில் விவரிக்கிறார். மாதரியின் உலுப்பை இங்கே அரசு நிருவாகமாக வளர்ந்திருப்பதைக் கவனியுங்கள். மன்னர் தம் அறத்தைத் தாமே புகழ்கிறார் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டு படிப்பது நல்லதுதான். ஆனால் அந்த நள்ளிரவு மணியைக் கற்பனையாக எழுதிச் சேர்க்க யாருக்குத் தோன்றும்?

எல்லோருக்கும் சோறு என்பது வேறு, எல்லோருக்கும் ஒரே பந்தி என்பது வேறு. முன்னது சத்திரத்தில் இருந்தது, பின்னது இல்லை. யார் உள்கூடத்தில் உட்கார்ந்தார், யார் வெளியே கையேந்தினார் என்பதைச் சரபோஜியின் கடிதம் விவரிக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ள நமக்கு ரயில் வரவேண்டியிருந்தது.

1875இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்குத் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் பாதை திறக்கப்பட்டது. மணப்பாறைக்கும் வையம்பட்டிக்கும் நிலையங்கள் வந்தன. நடந்தால் நாள்கணக்கில் ஆகும் தூரம், சில மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. ஒரு வேளை நடைக்கு ஒரு சத்திரம் என்ற கணக்கு அன்றே பொருளிழந்தது. நடப்பவனே இல்லாத வழியில் யாருக்காக உலை வைப்பது? வையம்பட்டிக்கும் அய்யலூருக்கும் இடையில் உள்ள நிலையத்துக்குப் பெயர் கல்பட்டிச்சத்திரம். சத்திரத்தின் சோற்றை நிறுத்திய ரயிலே அதன் பெயரைத் தன் பலகையில் எழுதிக் காப்பாற்றியது!

பாதை திறந்த மறு ஆண்டே தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய அப்பஞ்சத்தில், மானாவாரி நிலங்களின் மக்கள் கஞ்சித் தொட்டிகளையும் நிவாரண வேலைகளையும் தேடி அலைந்தனர். பலர் கடல் கடந்தனர். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பகுதிகளின் வறண்ட ஊர்களிலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றோர் ஏராளம். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்த அந்த மக்களுக்கு மாங்காட்டு மறையோன் யாரும் வழி சொல்லவில்லை, கங்காணி சொன்னான். வழியில் மாண்டவர் கணக்கு முழுமையாக எழுதப்படவுமில்லை. சிக்கனப் பயணத்தின் சுவைகளைப் பற்றிப் பேசும்போது, இந்த வழிகளில் மிகக் குறைந்த பொருளோடு மிக நீண்ட தூரம் சென்றவர்கள் இவர்களே என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. இன்று மலையகத் தமிழர் வீடுகளில் அன்றாடம் உண்ணப்படும் கோதுமை ரொட்டியும் சம்பலும் அப்பயணத்தின் முடிவில் பிறந்த உணவு. கம்பும் கேழ்வரகும் தின்றவர்களுக்குத் தோட்டத்தில் கிடைத்தது என்னவோ, அதுவே அவர்களின் சமையலாயிற்று.

ரயில் நிலையங்களில் உணவு விற்கத் தொடங்கியதும், சத்திரத்துச் சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமலிருந்த பந்திப் பிரிவினை எழுத்தாகிப் பலகையில் ஏறியது. பிராமணருக்கு ஓரிடம், இதராளுக்கு வேறோரிடம். ஒரே சீட்டுக்கு ஒரே காசு கொடுத்து ஒரே வண்டியில் வந்தவர்கள், நடைமேடையில் இறங்கியதும் வேறுவேறு ஆனார்கள். பெரியாரும் அவர் இயக்கத்தாரும் தொடர்ந்து எதிர்த்ததன் பயனாக 1941இல் இந்தப் பிரிவினை ரயில் நிலையங்களிலிருந்து விலகியது.

மணப்பாறை முறுக்கின் கதையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பது எங்கள் கருத்து. கிருஷ்ண ஐயர் என்பவர் ரயில் பயணிகளுக்கு முறுக்குச் செய்து விற்றதிலிருந்து அதன் புகழ் தொடங்கியது என்பது அவ்வூரில் வழங்கும் செய்தி. ஏன் முறுக்கு? அது உதிராமல் பொட்டலத்தில் போகும், நாள்பட இருக்கும், சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் என்பன வெளிப்படையான காரணங்கள். இன்னொன்றும் உண்டு. நம் ஆசார வழக்கில், தண்ணீரில் வெந்த சோற்றுக்கு இருந்த தீட்டுக் கெடுபிடி எண்ணெயில் பொரித்த பலகாரத்துக்கு அவ்வளவாக இல்லை. பிறர் கைச் சோறு உண்ணாதவரும் பலகாரம் வாங்கி உண்பர். ஆகவே யார் யாரோடு உட்கார்வது என்ற கேள்வியே எழாமல், சன்னல் வழியே எல்லோர் கைக்கும் ஒரே பண்டம் போயிற்று. பந்தியில் நடக்காத சமத்துவம் பொட்டலத்தில் நடந்தது என்றால் மிகையாகாது.

முறுக்கின் சுவைக்குக் காரணம் கேட்டால் மணப்பாறையில் ஒரே குரலில் பதில் வருகிறது: 'எங்க ஊர்த் தண்ணிங்க!' அந்தத் தண்ணீர் இலேசான உப்புச் சுவையுடையது. எயிற்றியர் முகந்த உவர்நீர் நினைவுக்கு வருகிறதல்லவா? இனிய நீர் கிடைக்காத மண், தன் குறையையே பெருமையாக மாற்றிக்கொண்டிருக்கிறது. தண்ணீர்தான் காரணமா, செய்முறையா என்று எங்களுக்குள் ஒரு வாதம் நடந்தது. எங்களில் பெரும்பாலோர் செய்முறையின் பக்கம். அரிசி மாவில் எள்ளும் சீரகமும் ஓமமும் சேர்த்துப் பிழிந்து, முதலில் அரைவேக்காடாக எடுத்து ஆறவிட்டு, மறுபடியும் எண்ணெயில் போடுகிறார்கள். ஆறும் வேளையில் உள்ளே தங்கிய ஈரம் மேற்புறத்துக்கு வருகிறது. இரண்டாம் பொரிப்பு அதையும் வெளியேற்றிவிடுகிறது. மொறுமொறுப்புக்கும் நாள்பட இருப்பதற்கும் இந்த இரட்டைப் பொரிப்பே போதிய விளக்கம் தருகிறது. 2023இல் மணப்பாறை முறுக்கும் புவிசார் குறியீடு பெற்றது. மருதகாசியின் பாட்டால் மணப்பாறை மாடு பெற்ற புகழை, முறுக்கு பாட்டில்லாமலே பெற்றுவிட்டது.

மணப்பாறையைத் தாண்டிச் சிறிது நேரத்தில் வையம்பட்டி. திருச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியலிடும் கையேடுகளில் இந்த ஊரைத் தேட வேண்டாம். மேற்கே கடவூர் மலைகள். 2022இல் தேவாங்குகளுக்கென அறிவிக்கப்பட்ட சரணாலயம் அப்பக்கம்தான். மற்றபடி சோளமும் கடலையும் விளையும் செம்மண் பூமி. நான்குவழிச் சாலையில் விரையும் வண்டிகளுக்கு வையம்பட்டி ஒரு பச்சைப் பெயர்ப்பலகை மட்டுமே. சாதாரணப் பேருந்தில் வந்ததால் நாங்கள் இறங்கினோம். சாலையோரம் மண்பானையில் கம்பங்கூழ் விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, சொம்பில் ஊற்றி, மோர்மிளகாயும் சின்ன வெங்காயமும் தந்தார். 'ஊர்க்காரங்க நெறைய பேர் குடிப்பாங்களா பாட்டி?' என்று கேட்டோம்.

'நல்லாக் கேட்டீங்க போங்க தம்பி. எங்க ஆத்தா காலத்துல இதத் தவிர வேற என்னா இருந்துச்சு? நெல்லுச் சோறு எப்ப வரும்னு கெடந்தோம். இப்ப வீட்டுப் புள்ளைங்க தொடமாட்டேங்குதுங்க. உங்கள மாதிரி வெளியூர்க்காரங்கதான் ரெண்டாஞ் சொம்பு கேக்குறீங்க.'

உள்ளூர் உணவைக் 'கண்டுபிடித்தோம்' என்று எழுத இதன்பின் எங்களுக்குக் கை வரவில்லை. 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்து உணவகங்களில் வரகும் சாமையும் விலை உயர்ந்த பட்டியலில் ஏறிவிட்டன. தின்றே சலித்தவர்களின் பிள்ளைகள் நெல்லுச் சோற்றுக்கு வந்து சேர்ந்த அதே நேரத்தில், நெல்லுச் சோறு சலித்தவர்கள் கம்பைத் தேடி வருகிறார்கள். வழியில் இரு சாராரும் சந்திக்கும் இடம் ஒரு கூழ்ப்பானை. நமக்குச் சுவையாக இருப்பது அவருக்கு நினைவில் பசியாக இருக்கிறது.

இந்தச் சாலையில் வையம்பட்டிக்கு அருகே பொன்னம்பலப்பட்டியில் ஒரு சுங்கச்சாவடி உண்டு. சாவடி என்ற சொல் எங்களை நிற்கவைத்தது. வழிப்போக்கர் கட்டணமின்றித் தலைசாய்க்கும் ஊர்ப் பொதுக்கட்டடமும் சாவடிதான். வரி தண்டும் இடமும் சாவடிதான். பின்னதற்கும் நீண்ட வரலாறு உண்டு. இல்லையென்றால் முதற் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று மக்கள் கொண்டாடியிருக்க மாட்டார்கள். இரண்டு சாவடிகளில் ஒன்றுதான் இன்று நெடுஞ்சாலையில் மிஞ்சியிருக்கிறது.

ஊட்டுகிற வழக்கம் அழிந்துவிட்டது என்று மட்டும் எண்ண வேண்டாம். மணப்பாறை வட்டத்து வீரப்பூரில் பொன்னர் சங்கர் கதை நிலை பெற்றிருக்கிறது. 1965இல் கனடிய மானுடவியலாளர் பிரெண்டா பெக் கொங்கு நாட்டில் பாட்டாகக் கேட்டுப் பதிவு செய்த அண்ணன்மார் கதை இதுவே. வீரர்கள் மாண்ட படுகளம் இவ்வூர்ப் பக்கம் என்பது நம்பிக்கை. மாசித் திருவிழாவுக்குக் கொங்கு நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து மரத்தடிகளில் தங்கி அடுப்பு மூட்டுகிறார்கள். வழியெங்கும் நீர்மோர்ப் பந்தல்களும் அன்னதானப் பந்தல்களும் எழும். திருவரங்கம் கோயிலிலும் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடைபெறுகிறது. பந்தியில் உட்காருபவரிடம் ஊரும் பெயரும் கேட்பதில்லை. அங்கே துலுக்க நாச்சியாருக்கு நெய்வேத்தியமாகும் ரொட்டியும் ஒரு நெடும்பயணத்தின் உணவுதான். தில்லியிலிருந்து அரங்கனைத் தேடி வந்த பெண்ணுக்கு அவள் ஊர் உணவையே படைக்க வேண்டும் என்று நினைத்தவர்கள், மாதரியின் வழி வந்தவர்கள்.

இப்பக்கம் வர எண்ணும் நண்பர்களுக்கு ஆற்றுப்படைப் பாணன் பாணியிலேயே சில சொல்கிறோம். விரைவு வண்டியைத் தவிர்த்து, நின்று நின்று போகும் ரயிலிலோ பேருந்திலோ வாருங்கள். மணப்பாறையில் பளபளக்கும் பொட்டலங்களைப் பார்த்து வாங்காமல், இரண்டாம் பொரிப்பு நடக்கும் அடுப்படியைத் தேடிப் போங்கள், சூடாகக் கொடுப்பார்கள். கூழ் வேண்டுமென்றால் வெயில் ஏறுமுன் வையம்பட்டியில் இறங்கிவிடுங்கள், பிற்பகலில் பானை காலியாகிவிடும். சிறுமலைப் பழத்துக்குத் திண்டுக்கல் சந்தை. திண்டுக்கல் வண்டியில் உட்கார்ந்தபின், வையம்பட்டியைத் தாண்டியதும் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வாருங்கள். கல்பட்டிச்சத்திரம் என்ற பெயர்ப்பலகை தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டு நிற்கும். மூன்று எழுத்திலும் சத்திரம் இருக்கிறது.